ஆச்சிக்குச் சுருதி சேரவில்லையா?

"மாமா, ஆச்சிக்குச் சுருதி சேருதில்லை. நீங்களே கேட்டுப் பாருங்கோ."

இவ்வாறு என்னிடம் முறையிட்டவன் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். வயது பதினாறு. ஊர் இலங்கைத்துறை. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் உள்ள சிறு கிராமம். ஒரு காலத்தில் திருகோணமலை நகரிலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால் துறைக்குத் துறை இறங்கிப் 'பாதை' ஏறிக் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பயணம் எளிதாகிவிட்டது. சென்ற ஆண்டு நான் அங்கு போயிருந்தபோதுதான் மேற்படி வழக்கு என் முன்னே வைக்கப்பட்டது.

வழக்கின் விபரம் இதுதான். பையன் ஒரு பழைய மடிக்கணினியில், இணைய உலாவிக்குள்ளேயே இயங்கும் சின்தசைசர் ஒன்றைக் கொண்டு இசை செய்கிறான். மென்பொருள் எதையும் விலை கொடுத்து வாங்கவில்லை, கணினியில் நிறுவவுமில்லை. ஒரு பக்கத்தைத் திறக்கிறான், இசைக்கூடம் வந்துவிடுகிறது. திரையின் கீழ்ப்பகுதியில் பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகள். மேற்பகுதியில் பதினாறு பதினாறாகச் சிறு கட்டங்கள். எந்தக் கட்டத்தைத் தொட்டு வைக்கிறோமோ அந்த இடத்தில் ஒலி பிறக்கும். வரிசை முடிந்ததும் மறுபடி முதற் கட்டத்திலிருந்து ஓடும். இதற்குச் சீக்குவென்சர் என்று பெயர். இவன் அதில் ஒரு தாளக்கட்டையும் ஐந்து சுரங்களையும் அமைத்து, அதன்மேல் தன் ஆச்சி பாடிய கோணமாமலைத் தேவாரத்தைப் பதிவு செய்து ஏற்றியிருந்தான். நல்ல எண்ணந்தான். ஆனால், குரல் ஒரு பக்கமும் பெட்டி இன்னொரு பக்கமுமாக இழுத்தன. பெட்டி கணினியாயிற்றே, அது பிழை விடுமா? ஆகவே, பிழை ஆச்சியுடையது என்பது அவன் முடிவு.

அந்த ஆச்சி எனக்குச் சின்னம்மா. எண்பது வயதைக் கடந்தவர். திருகோணமலை நகரில் பிறந்து, இலங்கைத்துறைக்கு வாழ்க்கைப்பட்டவர். 1963இல் திருக்கோணேச்சரம் மீண்டும் குடமுழுக்குக் கண்ட நாட்களில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடிப் பழகியது அந்தப் பதிகம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அவருடைய வீட்டைக் கொண்டுபோயிற்று. 2006இல் போர் மூண்டபோது ஈச்சிலம்பற்றுப் பிரதேச மக்கள் எல்லோரையும் போல அவரும் வாகரைப் பக்கம் நடந்தார். மீண்டு வந்தபோது கையில் பழைய பொருள் என்று எதுவும் இருக்கவில்லை. அவரிடம் மிஞ்சிய பழைய பொருள் ஒன்றுண்டென்றால் அது அந்தத் தேவாரந்தான். அதைத்தான் இப்போது ஒரு பெட்டி பிழை என்கிறது.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் செய்தி எழுதக்கூடாது என்பது அங்கே படித்த முதற் பாடம். ஆகவே, ஆச்சியை விசாரிக்கும் முன் அந்தப் பெட்டியின் பூர்வீகத்தை விசாரிப்போம் என்று பையனிடம் சொன்னேன். நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் அறியேன். ஆயினும், வரலாறு என்றால் தேடிப் பிடிக்கலாம். அப்படித் தேடியதையே இங்கு எழுதுகிறேன்.

பெட்டியின் பூர்வீகம்

என் வயதினருக்குச் சிற்றலை வானொலி தெரியும். முள்ளைத் திருப்பும்போது இரண்டு நிலையங்கள் நெருங்கி நின்றால் ஒரு கூவல் கேட்கும். முள்ளைச் சற்றே நகர்த்தினால் அந்தக் கூவலும் மேலேறும், கீழிறங்கும். இரண்டு மின் அலைகளின் வேறுபாடு நம் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாறுவதே அது. 1920இல் ருஷ்யாவின் லெவ் தெரமின் இந்தக் கூவலையே ஒரு வாத்தியமாக்கினார். அவர் பெயராலேயே தெரமின் என்று அழைக்கப்படும் அக்கருவியில் கட்டையும் இல்லை, தந்தியும் இல்லை. வெறுங்காற்றில் கையை அசைத்தால் ஒலி வழுக்கிக்கொண்டு போகும். மின்னிசையின் தொடக்க காலக் கருவிகளுள் புகழ்பெற்ற இது, மனிதக் குரலைப் போல் சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையில் சுவரில்லாத கருவியாக இருந்தது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அமெரிக்க இளைஞர் ரொபேர்ட் மோக் 1950களில் தெரமின்களைச் செய்து விற்றவர். 1964இல் அவர் தமது சின்தசைசரை உருவாக்கினார். ஒலியைப் பிறப்பிக்கும் அலையாக்கி, அதன் கூர்மையை வடிகட்டும் வடிகட்டி, அது எழுந்து அடங்கும் விதத்தை ஆளும் பகுதி என்று தனித்தனி அங்கங்களைக் கம்பிகளால் இணைத்து இசைப்பது. அதே ஆண்டுகளில் கலிபோர்னியாவில் டொன் புக்லா என்பவரும் இதையொத்த கருவி ஒன்றைச் செய்தார். இருவருக்கும் ஒரு முக்கிய வேறுபாடு. மோக் பியானோக் கட்டைகளைப் பூட்டினார். புக்லாவோ, புதிய கருவிக்கு எதற்குப் பழைய கட்டை என்று அதைத் தவிர்த்து, தொடு தகடுகளையும், சுரங்களை வரிசையாகத் தானே எழுப்பும் சீக்குவென்சரையும் வைத்தார்.

வென்றது கட்டை. 1968இல் வென்டி கார்லோஸ் மோக் கருவியில் ஜெர்மனிய மேதை பாக்கின் படைப்புகளை இசைத்து வெளியிட்ட 'சுவிட்ச்ட் ஆன் பாக்' இசைத்தட்டு உலகெங்கும் விற்றது. பியானோ வாசிக்கத் தெரிந்த எவரும் சின்தசைசரையும் வாசிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 'மிடி' என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. அந்த மொழியில் சுரம் என்பது பூச்சியத்திலிருந்து 127 வரையான ஓர் எண். எண் என்றாலும் அது ஒரு கட்டையின் இலக்கமே. பன்னிரண்டு கட்டைக்கு ஒரு முறை சட்சமம் திரும்பி வரும். சுரத்தை வளைத்துக் காட்ட அம்மொழியில் வழி உண்டுதான். ஆனால், அது கூட்டிச் சேர்த்த வசதி. அடிப்படை இலக்கணம் கட்டைதான்.

இனி உலாவிக்கு வருவோம். முதலில் இணையத்தில் இசை செய்யும் பக்கங்கள் 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளை நம்பியிருந்தன. அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. இதற்கிடையில், கூடுதல் மென்பொருள் எதுவுமின்றி உலாவி தானே ஒலியை உருவாக்கும் முறை ஒன்று வகுக்கப்பட்டது. 'வெப் ஓடியோ' என்ற அந்த முறையின் முதல் வரைவு 2011இல் வெளிவந்தது. 2021 ஜூனில் அது முழுமையான இணையத் தரமாக ஏற்கப்பட்டது. 2012 மே 23ஆம் நாள், ரொபேர்ட் மோக்கின் பிறந்தநாளை முன்னிட்டு, கூகிள் நிறுவனம் தன் முகப்பிலேயே வாசிக்கக்கூடிய ஒரு சிறு சின்தசைசரை வைத்தது. நால்வரிசை ஒலிப்பதிவுக் கருவியும் அதனோடு இருந்தது. பல ஆயிரம் டொலர் பெறுமதியான கருவியின் நிழல், அன்று உலகின் எந்த மூலையிலிருந்தவர் விரலுக்கும் இலவசமாக வந்தது. 2016இல் தொடங்கிய 'குரோம் மியூசிக் லாப்' போன்ற பக்கங்களால் பள்ளிச் சிறார்களும் இதில் விளையாடத் தொடங்கினர்.

இலங்கைத்துறைப் பையனின் பெட்டிக்கு இதுதான் வம்சாவளி. தெரமினில் இல்லாத சுவர் மோக்கில் வந்தது, மிடியில் சட்டமாயிற்று, உலாவியில் படமாயிற்று.

கடல்வழி வந்த வாத்தியங்கள்

இது நமக்குப் புதிய அனுபவமா? இல்லை. துறைமுக ஊரில் பிறந்தவர்களுக்குக் கப்பலில் வந்து இறங்கிய பொருள்கள் பழக்கமானவை. அவற்றுள் வாத்தியங்களும் உண்டு.

முதலில் வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டார் என்பது சங்கீத வரலாறு. வயலினின் கழுத்தில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதை வாசிப்பவரின் காதே தீர்மானிக்கிறது. ஆகவே, நம்மவர்கள் அதைத் தரையில் அமர்ந்து, மார்பிலிருந்து பாதத்தை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, கமகம் பேச வைத்தார்கள். இன்று வயலின் இல்லாத கர்நாடக இசை மேடையைக் காண்பது அரிது.

அடுத்தது ஹார்மோனியம். இதில் கட்டை உண்டு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் எதுவுமில்லை. நாடக மேடைகளில் அது கோலோச்சியது. நம் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஹார்மோனியம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால், சுரங்களின் நுட்பத்தை அது கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டும் வலுத்தது. 1940இல் அகில இந்திய வானொலி தன் ஒலிபரப்பில் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. மகாகவி தாகூர் அத்தடையை வரவேற்றார். 1971இல்தான் அது தளர்த்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு வாத்தியத்திற்கு வாசல் மூடியிருந்தது!

தடை சரியா என்ற விவாதத்தில் நான் இறங்கவில்லை. மக்கள் அதைக் கைவிடவில்லை என்பதும், தடுத்தவர்கள் சுட்டிய குறை உண்மையான குறையே என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும்.

தாளத்திற்கும் இதே கதை உண்டு. போர்த்துக்கேயரின் வழி வந்த கபிரிஞ்ஞா ஆட்டத்தின் ஆறெட்டுத் தாளம் இந்நாட்டில் பைலாவாகி, திருமண வீடுகளையும் பேருந்துகளையும் ஆட்டுவித்தது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்கள் அந்த மரபைக் காத்து வந்தன. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அந்தத் தாளத்தைத் தமிழ்நாடு வரை கொண்டுபோயிற்று. நித்தி கனகரத்தினமும், எங்கள் திருகோணமலைச் சகோதரர்களான பரமேஸ், கோணேஸ் ஆகியோரும் கித்தாரைத் தமிழ் பாட வைத்தார்கள். வந்த பொருளைத் தமதாக்கியவர்கள் இவர்கள். இங்கு ஒரு சிறு கணக்கு. பைலாவின் ஆறெட்டு நடையைப் பதினாறு கட்டங்களில் நிரப்பினால் நொண்டும். பன்னிரண்டு கட்டமாகக் குறைத்தால் தானே ஓடும். மிச்ர சாபுவுக்குப் பதினான்கு, கண்ட சாபுவுக்குப் பத்து. ஆதிதாளம் மட்டுமே பதினாறில் வந்து வாகாக அமர்ந்துகொள்கிறது. பல சீக்குவென்சர்களில் கட்டங்களின் எண்ணிக்கையை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. பையன் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. பதினாறு என்று வந்தால் பதினாறுதான் உலக நியதி என்று எண்ணியிருந்தான்.

மூன்று முன்னோடிகள்

மின்னிசை நம் பக்கத்து நாட்டிற்கு வந்த கதையையும் அவனுக்குச் சொன்னேன். 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் சின்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து கூடத்தை அமைத்துக் கொடுத்தார். அதற்கு முன்னின்றவர் கீதா சாராபாய். நியூயோர்க்கில் ஜோன் கேஜ் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையை விளக்கியவர் இவரே. சில ஆண்டுகள் அங்கு இந்திய இளைஞர்கள் சோதனை இசை செய்தார்கள். பின்னர் அந்தக் கூடம் மங்கிப்போயிற்று. ஒலிநாடாக்கள் அலுமாரியில் உறங்கின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து போல் பர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் அவற்றைக் கண்டெடுக்க, 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன.

இரண்டாமவர் பம்பாயின் சரண்ஜித் சிங். 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை 'டிஸ்கோ' தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அக்கருவிகளில் ஒன்றில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. ராகத்திற்கு அது உதவும் என்று கண்டுகொண்டது அவருடைய காது. அன்று அந்த இசைத்தட்டை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். 2010இல் அது மறுபடி வெளியானபோது, மேற்கு நாடுகளின் 'அசிட் ஹவுஸ்' இசைக்கு முன்னரே இப்படி ஒன்றா என்று உலகம் வியந்தது.

மூன்றாவது, நாம் எல்லோரும் அறிந்தது. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தார். ஏ. ஆர். ரகுமானாகப் பின்னர் உலகறிந்த இளைஞர் திலீப் அக்காலத்தில் அவரிடம் கீபோர்ட் வாசித்தவர். 1992இல் 'ரோஜா' வந்தபோது, வீட்டு முற்றத்துக் கூடத்திலிருந்து இப்படியும் இசை வருமா என்று நாடு கேட்டது.

மூவரிடமும் பொதுவாகக் கண்ட ஒன்றுண்டு. கருவி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அல்லர் அவர்கள். கருவியிடம் தமக்கு வேண்டியதைக் கேட்டவர்கள்.

பன்னிரண்டும் இருபத்திரண்டும்

இனி வழக்கின் மையத்திற்கு வருகிறேன். ஒரு தந்தியின் நீளத்தை மூன்றில் இரண்டாக்கினால், நம் முன்னோர் 'இளி' என்று பெயரிட்ட பஞ்சமம் பிறக்கும். அதிர்வு ஒன்றரை மடங்கு. இப்படி இளிக்கு இளி என்று பன்னிரண்டு முறை ஏறினால் தொடங்கிய சுரத்திற்கே, ஏழு ஸ்தாயி மேலே, திரும்பி வர வேண்டும். ஆனால், வருவதில்லை. ஏழு ஸ்தாயி என்பது 128 மடங்கு. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75. இந்தச் சிறு மிச்சத்தை எங்கே ஒளிப்பது என்பதுதான் உலக இசை இலக்கணங்கள் அனைத்தையும் வாட்டிய கேள்வி. சீன இளவரசர் சூ சாய்யூ 1584இல், அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும் கணக்கை எழுதினார். ஐரோப்பாவும் நாளடைவில் அந்தச் சமப் பங்கீட்டிற்கே வந்து சேர்ந்தது. பியானோவில் எந்தக் கட்டையைச் சட்சமமாகக் கொண்டாலும் ஒரே மாதிரி வாசிக்கலாம் என்ற பெரிய வசதி அதனால் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, எல்லாச் சுரங்களும் சிறிது சிறிது இடம் பெயர்ந்தது.

தமிழர் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். குரலுக்கு நான்கு, துத்தத்திற்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்திற்கு இரண்டு. மொத்தம் இருபத்திரண்டு அலகுகள். இதை எவ்வாறு பொருள் கொள்வது என்பதில் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் நூலில், சுருதிகள் இருபத்துநான்கே, அவை சமமானவையே என்று வாதாடினார்.

அவருக்குப் பின் வந்தவர் நம்மவர், காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1920களின் பிற்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். எங்கள் நகரின் பழைய குடும்பங்களில் அவரைப் பற்றிய கதைகள் இன்றும் உண்டு. துறவி, தமிழ்ப் பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் யாழாசிரியன் பகுதிக்கு உரை காணப் புகுந்தவர், பெளதிகமும் கணிதமும் கொண்டு பழைய யாழ்களின் நரம்புகளை அளக்கத் தொடங்கினார். அதன் விளைவே 'யாழ் நூல்'. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட, 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் நாள், அவர் மறைந்தார்.

'யாழ் நூல்' பெரிதும் போற்றப்பட்ட நூல். ஆனால், முழுவதும் படித்தவர்கள் குறைவு. காரணம், அதில் எண்கள் நிறைந்திருக்கின்றன. தமிழ் படித்தவர்களுக்குக் கணக்கு வராது. கணக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. என்னைப் போன்ற கலைப் பட்டதாரிகளும் அந்த அட்டவணைகளைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவர்களே. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லாமலில்லை.

333உம் 336உம்

சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்திற்குரிய பண் புறநீர்மை. இன்று ஓதுவார்கள் அதைப் பூபாள ராகத்தில் பாடுவது வழக்கம். சட்சமம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம் என்று ஐந்தே சுரங்கள். பையனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால், பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். உலாவியின் அந்த ஒலி முறையில் அலையாக்கிக்குக் கொடுக்க வேண்டியது கட்டையின் இலக்கம் அல்ல, அதிர்வெண் என்பதை அவனே கண்டுபிடித்தான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 440ஐ எடுத்துக்கொள்கிறது. 1939இல் இலண்டனில் கூடிய மாநாடு ஒன்று மேனாட்டு வாத்தியங்களுக்குப் பொதுச் சுருதியாக ஏற்றுக்கொண்ட எண் அது. நாம் வேறு எண்ணைச் சொன்னால் மறுப்புச் சொல்லாமல் அதைப் பாடுகிறது.

முதலில் ஆச்சியின் ஆதார சுருதியைப் பார்த்தோம். ஏறத்தாழ 210. பியானோவில் அப்படியொரு கட்டையே இல்லை, அருகிலுள்ளது 207.65. வழக்கின் முதற் பிழை அங்கேயே தெரிந்துவிட்டது. ஆச்சி எங்கே தொடங்க வேண்டும் என்பதையே பெட்டி முன்கூட்டி முடிவு செய்திருந்தது.

பிறகு சட்சமத்தை 210 ஆக்கி, மற்றச் சுரங்களை இயல்பான விகிதங்களில் கணக்கிட்டோம். ரிஷபம் பதினைந்துக்குப் பதினாறு என்றால் 224. காந்தாரம் ஐந்துக்கு ஆறு, 252. பஞ்சமம் இரண்டுக்கு மூன்று; 315. தைவதம் ஐந்துக்கு எட்டு, 336. எல்லாம் முழு எண்கள்! அதே சட்சமத்திலிருந்து சமப் பங்கீட்டில் எண்ணினால் ரிஷபம் ஏறத்தாழ 222.5, காந்தாரம் 249.7, பஞ்சமம் 314.6, தைவதம் 333.4. பஞ்சமம் மட்டும் ஏறக்குறையப் பொருந்துகிறது. தைவதத்தில் இரண்டரைக்கு மேல் விலகல். 333.4உம் 336உம் ஒன்றாக ஒலித்தால், நொடிக்கு இரண்டு மூன்று தடவை ஒலி அலையடிக்கும். நான் முன்பு சொன்ன வானொலிக் கூவலின் அதே நியதி. அந்த அலையடிப்பைத்தான் பையன் "சேருதில்லை" என்று கேட்டிருக்கிறான். அவன் காதில் குறையில்லை. குற்றவாளியை அடையாளம் காட்டியதில்தான் குறை.

அவன் சில வரிகள் எழுதி அந்த எண்களைக் கொடுத்தான். ஆச்சியின் பதிவை மீண்டும் ஓட்டினோம். தைவதத்தில் முன்பிருந்த இழுபறி பெரிதும் அடங்கிற்று. பையன் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறையும் ஓட்டினான்.

இவ்விடத்தில் இக்கட்டுரையை முடித்திருந்தால் விபுலாநந்தர் வென்றார், பெட்டி தோற்றது என்று எழுதியிருக்கலாம். ஆனால், நடந்ததை நடந்தபடி எழுதுவதே முறை. ரிஷபம் இன்னமும் முழுமையாகச் சேரவில்லை. ஆச்சி அந்தச் சுரத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதேயில்லை. சட்சமத்திலிருந்து அதைத் தொட்டு அசைத்துவிட்டு இறங்குகிறார். கைத்தொலைபேசியில் இருந்த சுருதிமானியின் முள் அந்த இடத்தில் நிலைகொள்ளாமல் ஆடியது. 224 என்று நாங்கள் எழுதிய எண்ணும் அவருக்கு ஒரு கட்டையே. நாங்கள் செய்த கட்டை என்பதுதான் வித்தியாசம். பண்டிதரின் இருபத்துநான்கும் சரி, விபுலாநந்தரின் இருபத்திரண்டும் சரி, பாடிய குரல்களைக் கேட்டபின் போட்ட கணக்குகள். குரல் முதலில், கணக்கு பிறகு. அந்த முறை மாறி, கணக்கு முதலில் வந்து குரலைத் திருத்தப் புறப்படும்போதுதான் எண்பது வயதுக் கிழவி குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்.

எனக்குள்ள அச்சம் இதுதான். ஹார்மோனியத்தைத் தடுக்க ஒரு வானொலி நிலையம் இருந்தது. உலாவிக்கு அப்படி ஒரு வாசலும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. இலங்கைத்துறையிலும் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் நம் பிள்ளைகள் முதன்முதலில் தொடுகின்ற வாத்தியம் இனி இதுவாகவே இருக்கலாம். அதைத் திறந்ததும் அவர்கள் காண்பது பன்னிரண்டு கட்டையும் பதினாறு கட்டமும். அவை சுவர்கள் அல்ல, யாரோ தமது வசதிக்கு இட்ட கோடுகள், அழித்து வேறு கோடு போடலாம் என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லாவிட்டால், அடுத்த தலைமுறையின் காதில் அந்தக் கோடுகளே சுருதியாகிவிடும். பிறகு ஆச்சிமார் பாடியதெல்லாம் பிழையென்றே பதிவாகும். சுனாமி கொண்டுபோகாததை, இடப்பெயர்வு கொண்டுபோகாததை, ஓர் இலவசப் பக்கம் கொண்டுபோய்விடக் கூடாது.

ஆகவே, வீட்டில் பாடத் தெரிந்த முதியவர் இருந்தால், வாசகர்கள் முதலில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தாளக்கட்டும் இல்லாமல், எந்தத் திருத்தமும் செய்யாமல். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அகமதாபாத்தின் நாடாக்களை அரை நூற்றாண்டு கழித்தாவது தேடி எடுக்க ஒருவர் வந்தார். நமக்கும் அப்படி ஒருவர் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதன்பின் பிள்ளைகள் பெட்டியை வைத்து என்ன வேண்டுமானாலும் விளையாடட்டும்.

பையன் இறுதியில் சுரங்களை எல்லாம் நிறுத்திவிட்டான். பதினாறு கட்டங்களையும் வெறுமையாக்கினான். 210, 315 என்ற இரண்டு எண்களை மட்டும் தம்புராவைப் போல் மெல்ல ஒலிக்கவிட்டு, ஆச்சியை மறுபடி பாடச் சொன்னான். சின்னம்மா கடைசிப் பாட்டு வரை பாடினார். முடிந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சேர்ந்துதான் வருது தம்பி. ஆனா, அது மூச்செடுக்காமக் கத்துது. நான் மூச்செடுக்கிற இடத்தில அதையும் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ."

பையன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பதிவை மறுபடி ஓடவிட்டு, ஆச்சி மூச்செடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தான். நான் புறப்படும் வரை அவன் நிமிரவில்லை.